கைக்குழந்தையின் வலிப்பும் ஸ்டீராய்டு பற்றிய அச்சமும்

குழந்தைகளுக்கு ஈஈஜி எடுப்பது என் வேலை. தலையில் மின்முனைகளை ஒட்டி, மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்து மருத்துவரிடம் கொடுப்பதோடு என் பணி முடிகிறது. நோய் இன்னது, மருந்து இன்னது என்று சொல்லும் பொறுப்பு என்னுடையதன்று. ஆனாலும் மருத்துவரின் அறையிலிருந்து மருந்துச்சீட்டோடு வெளியே வரும் பெற்றோரில் பலர் நேரே வந்து நிற்பது என் அறை வாசலில்தான். "சிஸ்டர், ஸ்டீராய்டு எழுதியிருக்காங்க. கைக்குழந்தைக்குப் போய் ஸ்டீராய்டு குடுக்கலாமா?" என்று கேட்பார்கள். மதுரைப் பேச்சிலும் கொங்குப் பேச்சிலும் தஞ்சாவூர்ப் பேச்சிலும் இதே கேள்வியைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். அதற்கு நின்று நிதானமாகப் பதில் சொல்ல மருத்துவமனை வராந்தாவில் நேரம் வாய்ப்பதில்லை. மருத்துவர் விளக்கமாகத்தான் சொல்லியிருப்பார். ஆனால் 'வலிப்பு' என்ற சொல் காதில் விழுந்த பிறகு அவர் சொன்ன எதுவும் அந்தத் தாயின் மனத்தில் ஏறியிருக்காது. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஓர் எல்லையை வகுத்துக்கொள்கிறேன். எல்லா வலிப்புக்கும் ஸ்டீராய்டு கொடுப்பதில்லை. காய்ச்சலோடு வரும் வலிப்புக்கு அது வேண்டாம். பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளுக்கு வரும் பெரும்பாலான வலிப்புகளுக்கு வேறு மருந்துகள் இருக்கின்றன. நான் இங்கே பேசுவது, பிறந்து ஓராண்டு நிறைவதற்குள், பெரும்பாலும் மூன்றாம் மாதத்துக்கும் ஏழாம் மாதத்துக்கும் இடையில் தொடங்கும் 'இன்ஃபன்டைல் ஸ்பாசம்' என்ற வலிப்பைப் பற்றி. இதனோடு வளர்ச்சி நின்றுபோவதும் ஈஈஜியில் குறிப்பிட்ட ஒரு சீர்குலைவும் சேர்ந்திருந்தால் 'வெஸ்ட் சிண்ட்ரோம்' என்பார்கள். பத்தாயிரம் பிறப்புகளில் ஏறத்தாழ 2 முதல் 5 குழந்தைகளுக்கு இது வருகிறது. இந்த ஒரு வலிப்பில் ஸ்டீராய்டு கடைசிப் புகலிடம் அன்று. பெரும்பாலான குழந்தைகளுக்கு அதுவே முதல் மருந்து. அதைக் கண்டு அஞ்சித் தள்ளிப்போடும் வாரங்கள்தாம் குழந்தைக்குப் பெருங்கேடு செய்கின்றன என்பதை நான் முழுமையாக நம்புகிறேன்.

வலிப்பு என்றதும் கை கால் வெட்டி இழுப்பதும் வாயில் நுரை தள்ளுவதும்தான் நம் நினைவுக்கு வரும். இதில் அப்படி எதுவும் இராது. தூங்கி எழுந்த குழந்தை மடியில் கிடக்கும். திடீரென்று தலை முன்னால் கவிழும். இரு கைகளும் விரிந்து மேலெழும். முழங்கால்கள் வயிற்றை நோக்கி மடங்கும். ஒரு நொடி, இரண்டு நொடி, அவ்வளவுதான், உடல் தளர்ந்துவிடும். இந்த அசைவைத்தான் ஸ்பாசம் என்கிறோம். சில நொடிகள் கழித்து மறுபடியும் அதே அசைவு. இப்படிப் பத்து, இருபது, சில வேளைகளில் அதற்கு மேலும் தொடராக வந்து, இடையிலோ முடிவிலோ குழந்தை வீறிட்டு அழும். அழுகையைக் கேட்டு வருகிற பாட்டி, "வயித்த வலிக்குது போல" என்று ஓமத் தண்ணீர் கொடுப்பார். "பிள்ளை எதையோ கண்டு பயந்திருக்கு" என்று பக்கத்து வீட்டில் மந்திரிக்கச் சொல்வார்கள். உரம் விழுந்திருக்கிறது என்று துணியில் போட்டு உருட்டி எடுப்பவர்களும் உண்டு. சில மருத்துவர்கள்கூட முதல் பார்வையில் இதைப் பால் எதுக்களிப்பு என்றோ வாயுத் தொல்லை என்றோ கருதிவிடுகிறார்கள், ஏனென்றால் அவர்கள் முன்னால் குழந்தை அந்த அசைவைச் செய்து காட்டுவதில்லை.

இன்னோர் அறிகுறியும் உண்டு, அதை நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். முகம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த குழந்தை சிரிப்பதை நிறுத்திவிடும். கூப்பிட்ட பக்கம் திரும்பாது. நின்றிருந்த கழுத்து மறுபடியும் தொய்யும். பார்வை போய்விட்டதோ என்று முதலில் கண் மருத்துவரிடம் போய்விட்டு, அங்கிருந்து எங்களிடம் அனுப்பப்பட்டு வருகிற குடும்பங்கள் அடிக்கடி வருகின்றன. கண்ணில் குறை இல்லை என்று சொல்லும்போது அவர்கள் படும் நிம்மதியைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கும், ஏனென்றால் அடுத்த அரை மணியில் என் திரையில் என்ன வரப்போகிறது என்பதை ஓரளவு ஊகித்திருப்பேன்.

இந்த நோய்க்குப் பெயர் கொடுத்தவர் ஒரு தந்தை. இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் உள்ள டன்பிரிட்ஜ் என்ற ஊரில் மருத்துவம் பார்த்துவந்த வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட், 1841-ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் அவர் வருணித்தது தம் சொந்த மகனை. நான்கு மாதம் வரை நன்றாக வளர்ந்த பிள்ளைக்குத் தலை லேசாகக் கவிழத் தொடங்கியதையும், பிறகு அந்த அசைவுகள் வலுத்துத் தலை முழங்காலை நோக்கித் தாழ்ந்து நிமிர்வதையும், ஒரே தொடரில் அது பத்து இருபது முறை நிகழ்வதையும், பிள்ளையின் சிரிப்பும் கவனமும் மறைந்துபோனதையும் ஒரு மருத்துவரின் துல்லியத்தோடு எழுதியிருந்தார். அட்டைப் பூச்சியை விட்டு இரத்தம் எடுத்தது, பேதிக்குக் கொடுத்தது, அபின் கொடுத்தது என்று அந்தக் காலத்து வைத்தியம் அனைத்தையும் செய்து பார்த்திருந்தார். லண்டனுக்குக் கொண்டுபோய் சர் சார்லஸ் கிளார்க்கிடமும் டாக்டர் லோகாக்கிடமும் காட்டினார். ஒன்றும் பலிக்கவில்லை. இதேபோன்ற குழந்தையை வேறு யாராவது பார்த்திருக்கிறீர்களா, என்ன செய்தீர்கள் என்று சக மருத்துவர்களைக் கேட்பதற்காகவே அவர் அந்தக் கடிதத்தை எழுதினார். அவருக்குப் பயன்படக்கூடிய பதில் வர நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அந்தப் பதில் வந்த வழி நேரானதன்று. 1948-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் கார்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஹார்மோனை மூட்டுவாத நோயாளிகளுக்குக் கொடுத்து வியக்கத்தக்க பலன் கண்டு, 1949-இல் அறிவித்தார்கள். அதற்காக ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் 1950-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த உற்சாகத்தில் இந்த ஹார்மோன்களைக் கிட்டத்தட்ட எல்லா நோய்களிலும் கொடுத்துப் பார்த்தார்கள். 1950-இலேயே கிளைன், லிவிங்ஸ்டன் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள், மற்ற மருந்துகளுக்கு அடங்காத வலிப்புள்ள சில குழந்தைகளுக்கு ஏசிடிஎச் என்ற ஹார்மோனை ஊசியாகப் போட்டுப் பலன் கண்டு எழுதினார்கள். 1952-இல் ஃபிரெடெரிக் கிப்ஸ், எர்னா கிப்ஸ் தம்பதியர் இந்தக் குழந்தைகளின் ஈஈஜியில் காணும் சீர்குலைவை விவரித்து 'ஹிப்ஸாரித்மியா' என்று பெயரிட்டார்கள். 1958-இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த சொரெலும் அவருடன் பணியாற்றியவரும், அந்தச் சீர்குலைவு உள்ள 21 குழந்தைகளைப் பற்றிய கட்டுரையில், ஏசிடிஎச் கொடுத்ததும் ஸ்பாசம் நின்று ஈஈஜியும் சீரானதை அறிவித்தார்கள். வெஸ்ட் கேட்ட கேள்விக்கு முதல் உண்மையான விடை என்று நான் நினைப்பது அந்தக் கட்டுரையைத்தான்.

ஹிப்ஸாரித்மியா என்று சொல்லிவிட்டுப் போவதைவிட, அது என் அறையில் எப்படி வெளிப்படுகிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல விரும்புகிறேன். குழந்தையின் தலைக்கு எண்ணெய் வைக்காமல், முந்தின நாள் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி, தூக்கத்தைக் கொஞ்சம் குறைத்துக் கூட்டிவரச் சொல்வோம். மூக்கின் மேட்டிலிருந்து பிடரி எலும்புவரை அளவுநாடா பிடித்து, காதுக்குக் காது அளந்து, பென்சிலால் புள்ளி வைத்து, அந்த இடத்தைத் துடைத்து, பேஸ்ட் தடவி ஒவ்வொரு மின்முனையாக ஒட்டவேண்டும். ஆறு மாதக் குழந்தையின் தலையில் இருபதுக்கும் மேற்பட்ட முனைகளை ஒட்டி முடிப்பதற்குள் அதுவும் அழுது, தாயும் அழுதுவிடுவார். பிறகு பால் கொடுக்கச் சொல்வேன். பால் குடித்தபடியே குழந்தை கண்ணயரும். அப்போதுதான் பதிவு தெளிவாக வரத் தொடங்கும்.

வழக்கமாக ஒரு குழந்தையின் அலைகளை ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் அடக்கிக் காட்டும் அளவில் கருவியை வைத்திருப்போம். ஹிப்ஸாரித்மியா உள்ள குழந்தையின் அலைகள் அந்த அளவில் ஒன்றின் மேல் ஒன்று ஏறித் திரையையே மூடிவிடும். எந்தக் கோடு எந்த இடத்திலிருந்து வருகிறது என்றே தெரியாது. உணர்திறனைக் குறைத்து, மறுபடியும் குறைத்து, அலைகளைப் பிரித்துப் பார்க்கவேண்டும். 200, 300 மைக்ரோவோல்ட்டுக்கு மேல் உயர்ந்த மந்தமான அலைகள், அவற்றுக்கிடையே இப்போது இடப்பக்கம், அடுத்த நொடி பின்பக்கம், பிறகு வலப்பக்கம் என்று இடம் மாறி மாறிக் கிளம்பும் கூர்முனைகள். தூக்கத்துக்கென்று மூளையில் ஓர் ஒழுங்கு உண்டு; அந்த ஒழுங்கின் சுவடே இராது. குழந்தை விழித்தெழும் நேரத்தில் ஸ்பாசம் வரும். அந்தக் கணத்தில் ஓர் உயர்ந்த அலை எழும்பி, உடனே எல்லாக் கோடுகளும் ஒன்றிரண்டு நொடி தட்டையாகிவிடும். அதனால்தான் குழந்தை எழுந்த பின்னும் முனைகளைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் காத்திருப்போம். வெளியே பார்ப்பவருக்கு அந்தக் குழந்தை அமைதியாகத் தாயின் தோளில் சாய்ந்திருப்பதுபோல் தோன்றும். உள்ளே மூளைக்கு ஒரு நிமிட ஓய்வுகூட இல்லை. சிரிப்பு ஏன் போயிற்று, கழுத்து ஏன் தொய்ந்தது என்பதற்கு இதைவிட விளக்கம் எனக்குத் தேவைப்பட்டதில்லை. ஸ்பாசத்தை மட்டுமன்றி, இந்த இடைவிடாத கொந்தளிப்பையும் சேர்த்து அடக்குவதே மருத்துவத்தின் நோக்கம்.

ஏசிடிஎச் என்பது மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோன். அது சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளைத் தூண்டி, உடலின் சொந்த ஸ்டீராய்டான கார்டிசாலைச் சுரக்கவைக்கிறது. ப்ரெட்னிசோலோன் அதே வேலையை நேரடியாகச் செய்யும் மருந்து. மாத்திரையாகவும் சிரப்பாகவும் கிடைக்கிறது. இவை ஸ்பாசத்தை எப்படி நிறுத்துகின்றன என்பதற்கு முடிந்த முடிவான விடை இன்னும் இல்லை. மன அழுத்தத்துக்கான எதிர்வினையைத் தொடங்கிவைக்கும் சி.ஆர்.எச் என்ற பொருள் இளம் மூளையை அளவு மீறிக் கிளர்ச்சியடையச் செய்கிறது, ஸ்டீராய்டு அதன் சுரப்பைக் குறைக்கிறது என்பது பலர் ஏற்கும் கருத்து. எப்படி என்பது முழுதும் தெரியாவிட்டாலும், வேலை செய்கிறது என்பதற்குச் சான்று இருக்கிறது. 2004-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் 107 குழந்தைகளை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஹார்மோன் மருந்தும் மறு பிரிவுக்கு விகாபாட்ரின் என்ற வலிப்பு மருந்தும் கொடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது, ஹார்மோன் பெற்றவர்களில் 73 விழுக்காட்டினருக்கும் விகாபாட்ரின் பெற்றவர்களில் 54 விழுக்காட்டினருக்கும் ஸ்பாசம் நின்றிருந்தது. ஹார்மோன் பிரிவுக்குள்ளேயே ஊசியும் உண்டு, வாய்வழி ப்ரெட்னிசோலோனும் உண்டு; இரண்டின் பலனும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. 2017-இல் வெளியான அடுத்த பெரிய ஆய்வு ஐந்து நாடுகளில் 377 குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டது. ஹார்மோனோடு விகாபாட்ரினையும் சேர்த்துக் கொடுத்தவர்களில் 72 விழுக்காட்டினருக்கும், ஹார்மோன் மட்டும் பெற்றவர்களில் 57 விழுக்காட்டினருக்கும் ஸ்பாசம் நின்றது.

நம்மைப் போன்ற நாடுகளுக்கு இன்னும் பொருத்தமான ஆய்வு கொழும்பிலிருந்து வந்தது. மருத்துவர் ஜித்தங்கி வனிகசிங்க தலைமையிலான குழு 97 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, பாதிப்பேருக்கு ஏசிடிஎச் ஊசியும் பாதிப்பேருக்கு அதிக அளவு ப்ரெட்னிசோலோன் மாத்திரையும் கொடுத்து, 2015-இல் முடிவை வெளியிட்டது. இரண்டு வார முடிவில், மாத்திரை பெற்றவர்களில் 58 விழுக்காட்டினரும் ஊசி பெற்றவர்களில் 37 விழுக்காட்டினரும் முழுப் பலன் அடைந்திருந்தார்கள். இந்த ஆய்வை நான் ஏன் போற்றுகிறேன் என்றால், அதற்குப் பின்னால் ஒரு விலைக் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் ஏசிடிஎச் மருந்தின் ஒரு குப்பி 2001-இல் ஏறத்தாழ 40 டாலராக இருந்தது. 2007-இல் ஒரே தாவலில் 23,000 டாலருக்கு மேல் போயிற்று. பின்னர் 34,000 டாலரையும் தாண்டியது. போட்டி மருந்து சந்தைக்கு வராமல் தடுத்ததாக அந்நாட்டின் வணிகப் போட்டி ஆணையம் தொடுத்த வழக்கில், 2017-இல் அந்த மருந்தை விற்றுவந்த மாலின்க்ராட் நிறுவனம் 10 கோடி டாலர் செலுத்தி உடன்பாட்டுக்கு வந்தது. மறுபக்கம், நம் ஊர் மருந்துக்கடையில் ப்ரெட்னிசோலோன் ஒரு பட்டை சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கிறது. கூலி வேலைக்குப் போகும் ஒரு தந்தையால் வாங்கிவிடக்கூடிய மருந்து, உலகின் மிக விலையுயர்ந்த மருந்துகளில் ஒன்றுக்குச் சளைத்ததன்று என்று தெரிய வந்ததை நான் சிறிய செய்தியாக நினைக்கவில்லை.

ஆனால் அந்த மலிவான மாத்திரை வீட்டுக்கு வந்து சேர்வதற்கு இடையில் ஒரு தடை இருக்கிறது, அது அளவு. பிரிட்டன் ஆய்வில் ஒரு நாளைக்கு 40 மி.கி. கொடுத்தார்கள், ஒரு வாரத்தில் நிற்கவில்லை என்றால் 60 மி.கி. ஆக்கினார்கள். டெல்லி மருத்துவர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், நாளொன்றுக்கு, எடையில் கிலோ ஒன்றுக்கு 4 மி.கி. பெற்ற குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப்பேருக்கும், 2 மி.கி. பெற்றவர்களில் கால்வாசிப்பேருக்கும் ஸ்பாசம் நின்றது. அதாவது இந்த நோயில் அளவைக் குறைப்பது பாதுகாப்பு ஆகாது, பலனைத்தான் பாதியாக்கும். ஆனால் ஏழு கிலோ எடையுள்ள குழந்தைக்கு இவ்வளவு என்று சீட்டில் பார்க்கும் மருந்துக்கடைக்காரர் திகைத்துப்போவது இயல்பு. "இது பெரியவங்க டோஸாச்சே, டாக்டர் தப்பா எழுதியிருப்பார், பாதி குடுங்க" என்று அவர் அக்கறையோடுதான் சொல்வார். தாய் பாதியைக் கொடுப்பார். ஸ்பாசம் நிற்காது. 'ஸ்டீராய்டும் கேட்கவில்லை' என்று அடுத்த முறை வந்து சொல்வார்கள். சந்தேகம் வந்தால் கடையிலிருந்தபடியே எழுதிய மருத்துவருக்குத் தொலைபேசியில் பேசுங்கள். அளவை நீங்களாகக் குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். நான் இங்கே எண்களைச் சொல்வது உங்கள் அச்சத்தைப் போக்கத்தான். உங்கள் குழந்தைக்கான அளவை அதன் மருத்துவரே முடிவு செய்யவேண்டும்.

அடுத்த இரண்டு வாரம் வீட்டில் கடினமாகவே இருக்கும் என்பதை மறைக்காமல் சொல்வதுதான் நேர்மை. மாத்திரை கசக்கும், பொடித்துக் கலக்கிக் கொடுத்தாலும் குழந்தை துப்பும். இரவு பகல் தெரியாமல் அழும். எவ்வளவு பால் கொடுத்தாலும் பசி அடங்காது. மடியை விட்டு இறக்கினால் கத்தும். தாய்க்கு உதவியாக இன்னொருவர் வீட்டில் இருந்தே ஆகவேண்டும். முகம் உப்பி, கன்னம் உருண்டு, வயிறு பெருக்கும். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாய் தன் வீட்டுக்கு வந்த உறவினரைப் பற்றிச் சொன்னார்: "புள்ள இப்பத்தான் நல்லாத் தேறியிருக்கான்னு எல்லாரும் கொஞ்சுறாங்க சிஸ்டர். கண்ணு படும்னு மைப் பொட்டு வேற வைக்கிறாங்க. எனக்கு மட்டும் அழுகையா வருது." அந்தத் தாய் ஒரு நாற்பது பக்க நோட்டை வைத்திருந்தார். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி. அதன் கீழ் காலை, மதியம், இரவு என மூன்று கட்டம். ஒவ்வொரு தலைக்கவிழ்வுக்கும் ஒரு கோடு. மருந்து தொடங்கிய முதல் சில பக்கங்களில் கோடுகள் கட்டத்துக்கு வெளியே வழிந்திருந்தன. பிறகு இரவுக் கட்டம் காலியாயிற்று, மதியம் காலியாயிற்று. கடைசியாகக் காலைக் கட்டத்தில் இரண்டு கோடு. அதற்கு அடுத்த பக்கத்தில் தேதி மட்டும் இருந்தது. எந்த மருத்துவருக்கும் இதைவிட உதவியான குறிப்பு கிடைக்காது. நோட்டு எழுத இயலாதவர்கள் கைப்பேசியில் காணொளி எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பாசமோ வேறு அசைவோ, ஐயம் வந்தவுடன் குழந்தையின் முழு உடலும் தெரியுமாறு எடுத்த ஒரு நிமிடக் காணொளி, பாதி நோயறிதலை முடித்துக் கொடுத்துவிடும்.

ஸ்டீராய்டின் மெய்யான ஆபத்துகள் வேறு. அவை வெளியே தெரியாதவை. இரத்த அழுத்தம் ஏறும். அதனால் குழந்தைக்குரிய சிறிய பட்டையை வைத்து வாரத்துக்கு ஓரிரு முறையாவது அளந்துவரவேண்டும். சர்க்கரை கூடலாம், பொட்டாசியம் குறையலாம், வயிற்றில் புண் ஏற்படாமலிருக்கத் துணை மருந்து கொடுப்பார்கள். எல்லாவற்றிலும் பெரிது தொற்று. மருந்து உடலின் எதிர்ப்பாற்றலைக் குறைப்பதால், சாதாரணச் சளிகூட நிமோனியாவாக மாறக்கூடும். வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்தாலோ, நீண்ட நாள் இருமல் இருந்தாலோ, மருந்து தொடங்குவதற்கு முன்பே அதைச் சொல்லிவிடவேண்டும். அம்மை போட்டவர் வீட்டுக்குக் குழந்தையைக் கொண்டுபோகக் கூடாது. தெரியாமல் போய்விட்டால் அன்றே மருத்துவரிடம் சொல்லவேண்டும். குலதெய்வம் கோவிலில் மொட்டையும் காதுகுத்தும் வைக்க நாள் குறித்திருந்தால் தள்ளிவையுங்கள். இதில் தாத்தா பாட்டிகளுக்கு வருத்தம் வரும். சாமி காத்திருக்கும் என்று சொல்லி நானே சிலரைச் சமாதானம் செய்திருக்கிறேன். தடுப்பூசிகளில் உயிருள்ள கிருமியைக் கொண்டவற்றை, குறிப்பாக ஒன்பது மாதம் முடிந்ததும் போடும் தட்டம்மை-ரூபெல்லா ஊசியை, மருந்து நடக்கும்போதும் நிறுத்திய சில வாரங்கள்வரையிலும் போடுவதில்லை. ஊரில் சுகாதாரச் செவிலியர் அட்டையைப் பார்த்து ஊசி போட வரும்போது, ஸ்டீராய்டு நடக்கிறது என்று வாயைத் திறந்து சொல்லவேண்டியவர் தாய்தான்.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. ஸ்பாசம் நின்றுவிட்டது என்ற மகிழ்ச்சியில் மருந்தைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்ததால் குழந்தையின் அட்ரினல் சுரப்பிகள் தம் வேலையை ஒதுக்கிவைத்திருக்கும். அவை மறுபடியும் விழித்தெழ அவகாசம் வேண்டும். ஆகவேதான் அடுத்த இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துகிறார்கள். அந்த நாட்களிலும், நிறுத்திய பிறகும் சில காலம், குழந்தைக்குக் காய்ச்சலோ விடாத வாந்தியோ வந்து சோர்ந்துபோனால், எந்த மருத்துவமனைக்குப் போனாலும் முதல் வாக்கியமாக ஸ்டீராய்டு கொடுத்திருந்ததைச் சொல்லுங்கள்.

இத்தனை ஆபத்துகளையும் அடுக்கிவிட்டு ஏன் அஞ்சவேண்டாம் என்கிறேன்? ஏனென்றால் இவை எல்லாம் கண்காணித்துத் தடுக்கக்கூடியவை, பெரும்பாலும் மருந்து நின்றதும் மறைபவை. உருண்ட கன்னம் சில மாதங்களில் வடிந்துவிடும். அடங்காத ஹிப்ஸாரித்மியா விட்டுச்செல்லும் சேதம் வடிவதில்லை. பிரிட்டன் ஆய்வில் பங்கேற்ற குழந்தைகளை நான்கு வயதில் மறுபடியும் பார்த்தார்கள். ஸ்பாசம் தொடங்கியதற்கும் மருத்துவம் தொடங்கியதற்கும் இடையிலான காலத்தை ஒரு வாரத்துக்குள், இரண்டு வாரத்துக்குள், ஒரு மாதத்துக்குள், இரண்டு மாதத்துக்குள், அதற்கும் மேல் என்று பிரித்தபோது, ஒவ்வொரு படி தாமதத்துக்கும் வளர்ச்சி மதிப்பெண் சராசரியாக 3.9 புள்ளி குறைந்திருந்தது. நம்மிடம் வரும் குழந்தைகளில் பலர் அந்தக் கடைசிப் படியில்தான் வருகிறார்கள். 'முதலில் வேறு மருந்து கொடுத்துப் பார்ப்போம், ஸ்டீராய்டு பிறகு பார்க்கலாம்' என்று குடும்பத்தில் ஒருவர் சொல்லும்போது இந்தக் கணக்கு எனக்கு நினைவுக்கு வந்துவிடுகிறது. வளைகாப்பிலிருந்து அந்தக் குழந்தைக்காகக் காத்திருந்தவர்கள் அவர்கள். தீங்கு நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் காத்திருப்பது இங்கே பாதுகாப்பான வழியன்று.

எல்லாக் குழந்தைகளுக்கும் இது பலிப்பதில்லை என்பதும் உண்மை. பிறந்த நேரத்தில் மூச்சுத் திணறி மூளைக்கு ஆக்சிஜன் குறைந்தது, பிறந்த சில நாட்களில் சர்க்கரை மிகவும் இறங்கியது, மூளைக்காய்ச்சல் வந்தது போன்ற காரணங்கள் நம் நாட்டில் அதிகம். அப்படிப்பட்ட குழந்தைகளில் ஸ்பாசம் நின்றாலும் முன்பே ஏற்பட்ட சேதம் அப்படியே இருக்கும். காரணம் எதுவும் கண்டுபிடிக்க இயலாத குழந்தைகளில்தான் ஹார்மோன் மருத்துவம் வளர்ச்சியில் மிகத் தெளிவான நன்மையைக் காட்டியிருக்கிறது. டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற பிறவி நோயால் வரும் ஸ்பாசத்துக்கு மட்டும் விகாபாட்ரினே முதல் மருந்து; 1997-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில் அது கொடுத்த 11 குழந்தைகளுக்கும் ஸ்பாசம் நின்றது, ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டு பெற்ற 11 பேரில் 5 பேருக்கே நின்றது. அந்த மருந்துக்கும் ஒரு விலை உண்டு. நீண்ட நாள் கொடுத்தால் பக்கவாட்டுப் பார்வை சுருங்கலாம். எந்த மருந்தும் இனாமாக எதையும் தருவதில்லை. குழந்தையின் தோலில் வெளிறிய திட்டுகள் இருக்கின்றனவா என்று மருத்துவர் விளக்கை அணைத்துவிட்டு ஊதா ஒளியில் தேடுவது இந்த நோயைக் கண்டுபிடிக்கத்தான்.

சற்று வளர்ந்த பிள்ளைகளிலும் ஸ்டீராய்டுக்கு இடமுண்டு. நன்றாகப் பேசிக்கொண்டிருந்த நான்கைந்து வயதுப் பிள்ளை சில மாதங்களில் பேச்சை இழந்து, காது கேட்காததுபோல் நடந்துகொள்ளும் ஒரு நோயை 1957-இல் லாண்டாவ், கிளெஃப்னர் இருவரும் விவரித்தார்கள். பகலில் எடுக்கும் ஈஈஜியில் ஒன்றிரண்டு கூர்முனைகள்தாம் தெரியும். தூங்கியதும் திரை முழுவதும் நிரம்பிவிடும். அங்கும் ஸ்டீராய்டு கொடுக்கிறார்கள், பேச்சு மீண்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். அதைப் பற்றித் தனியாக எழுதவேண்டும்.

இரண்டு வாரம் முடிந்ததும் ஈஈஜியை மறுபடியும் எடுப்பார்கள். 'ஸ்பாசம்தான் நின்றுவிட்டதே, இன்னொரு முறை பிள்ளையை எதற்கு வதைக்கவேண்டும்' என்று இதைத் தவிர்க்கும் குடும்பங்கள் உண்டு. தவிர்க்காதீர்கள். கண்ணுக்குத் தெரியும் அசைவு நின்ற பிறகும் தூக்கத்தில் ஹிப்ஸாரித்மியா தொடரும் குழந்தைகளை நான் பதிவு செய்திருக்கிறேன்; அசைவு மட்டும் நின்றால் அது பாதிப் பலன்தான், மருந்தை மாற்றவோ கூட்டவோ வேண்டியிருக்கும். முழுப் பலன் கிடைத்த குழந்தையின் பதிவு எனக்கு உடனே தெரிந்துவிடும். முதல் முறை குறைத்துவைத்த உணர்திறனைப் பழைய அளவுக்கே திருப்பிவிடலாம். கோடுகள் தத்தம் இடத்தில் நிற்கும். தூக்கத்துக்கு உரிய ஸ்பிண்டில் அலைகள் இரு பக்கமும் வந்துபோகும். மருத்துவர் அறிக்கை எழுதும்வரை நான் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. ஆனால் பேஸ்டைத் துடைக்கும்போது தாயின் முகத்தை நேராகப் பார்த்துச் சிரித்துவிடுவேன். அதற்கு விதி ஏதும் இல்லை.

ஸ்பாசம் நின்ற குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு, மருந்து குறையும்போதோ அடுத்த சில மாதங்களிலோ அது திரும்பி வரும். காலையில் எழுந்ததும் ஒரே ஒரு தலைக்கவிழ்வு தெரிந்தாலும், குறித்த தேதிவரை காத்திராமல் காணொளியோடு கிளம்பி வந்துவிடுங்கள்; இரண்டாம் சுற்று மருத்துவமும் விரைந்து தொடங்கினால்தான் பயன் தரும். இயன்முறைப் பயிற்சியை ஸ்டீராய்டு முடியட்டும் என்று நிறுத்திவைக்கவேண்டியதில்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இயங்கும், வளர்ச்சியில் பின்தங்கும் குழந்தைகளுக்கான டி.இ.ஐ.சி என்ற அரசு மையத்தில், மருத்துவரின் சீட்டைக் காட்டிப் பதிந்துகொண்டால், கட்டணமின்றிப் பயிற்சியைத் தொடங்கிவிடலாம். தொற்று பரவாத நேரத்தை ஒதுக்கித் தரும்படி அங்கே முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.